மேடைக்கு இடைஞ்சலான மரம்

மரக்கன்று நடும் விழாவுக்கு மேடை போட, பள்ளி முற்றத்துப் புங்க மரத்தை வெட்டிவிடுவது என்று தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் முடிவு செய்தார். அதையே மாணவர் மன்றத்தின் தீர்மானமாக எழுதி, மன்றத்தில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த எட்டாம் வகுப்புப் பவளக்கொடியிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

"மன்றம் இன்னும் கூடலையே சார்?"

"அதெல்லாம் எதுக்கு? நான்தான் எழுதிட்டேனே."

"சரி சார். வழக்கம்போல விழாவுல கலெக்டர் முன்னால நான்தானே வாசிக்கணும்? ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துக்கறேன்." அவள் குரலை உயர்த்தினாள். "மரக்கன்று நடும் விழாவுக்கு இடைஞ்சலாக உள்ள மரத்தை வெட்டும்படி, மாணவர்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்."

தலைமையாசிரியர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார்.

மறுநாள் மன்றம் கூடியது. மரத்தடியிலேயே விழா என்று பவளக்கொடி எழுதினாள். கையெழுத்தை அவர் போட்டார்.