எல்லாக் கதையும் கேட்ட சிறுத்தை

குண்டுப்பாறைக் காட்டில் சுண்டன் என்றொரு சருகுமான் இருந்தான். உயரம் முயலளவு, வாய் மட்டும் மலையளவு. புலிபோல் உறுமி மயில்களை மரத்தில் ஏற்றுவான். குரங்குத் தலைவர்போல் இருமி, குட்டிக் குரங்குகளை அடித்துப் பிடித்து ஓட வைப்பான்.

கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சும். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை என்பது வழக்கம். தண்ணீர் குடிக்க முறை வரும்வரை பொழுது போக வேண்டுமே! அதனால் கதை நடக்கும். வலசை வந்த வாத்துகள் விட்டுச்சென்ற கதைகள் ஏராளம். பனிநாட்டில் முயல் கரடியை ஏமாற்றியதாம். ஏதோ ஒரு தீவில் குரங்கு சுறாவை ஏமாற்றியதாம். நம்மூரிலும் அதே குரங்குதான், சுறாவுக்குப் பதில் முதலை. ஆள் மாறும், ஊர் மாறும். சின்னது பெரியதை ஏமாற்றுவது மட்டும் மாறவே மாறாது.

"அப்புறம் எனக்கென்ன பயம்? இந்தக் காட்டிலேயே சின்னவன் நான்தானே!" என்று துள்ளுவான் சுண்டன்.

"எறும்பு உன்னைவிடச் சின்னதுடா!" என்பாள் சிங்காரி மயில்.

"எறும்பை யார் பிடிச்சுத் தின்னப்போறாங்க?"

ஒருநாள் அத்திமரத்தடியில் சுண்டன் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு பாதம் அவன் முதுகில் பொத்தென்று விழுந்தது. சிறுத்தையக்கா!

சுண்டன் பயப்படவில்லை. இதற்குத்தானே இத்தனை கதை!

"ஐயையோ அக்கா! என் ஈரலை இன்னைக்குன்னு பார்த்து மரப்பொந்துல காயப்போட்டுட்டு வந்துட்டேனே!"

"குரங்கு கதை. அடுத்தது?" என்றாள் சிறுத்தை.

சுண்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்தக் கிணத்துக்குள்ள இன்னொரு சிறுத்தை இருக்கு! இந்தக் காடே தன்னுதுன்னு சொல்லுது!"

"அது என் நிழல். அடுத்தது?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி முகம் கழுவற பழக்கமெல்லாம் கிடையாதா?"

"சாப்பிட்டுட்டுக் கழுவிக்கிறேன்."

"நான் ஒல்லி, அக்கா! சித்தி வீட்டுக்குப் போய்க் கொழுத்துட்டு வந்திடறேன்!"

"வர மாட்டே."

சுண்டன் தன் சொந்த அஸ்திரத்தை எடுத்தான். புலிபோல் உறுமினான்.

"புலிக்குச் சளியா?" என்றாள் சிறுத்தை. "தம்பி, உன்னை வாயால கவ்வியிருந்தா ஏதாவது கேள்வி கேட்டு என் வாயைத் திறக்க வெச்சிருப்பே. அதான் காலால அமுக்கியிருக்கேன். சரி, 'முள்ளுப்புதர்ல மட்டும் வீசிடாதீங்க'ன்னு கெஞ்சி, வீசினதும் அதுக்குள்ளேயே ஓடிடுவியே, அது எப்போ?"

சுண்டன் அடுத்துச் சொல்ல இருந்ததே அதுதான்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"நீங்க கதை சொல்றப்போ எதிர்ப்பாறையில படுத்திருந்தது யாராம்?"

"தூங்கறீங்கன்னு நினைச்சோம்!"

"கதை கேட்கக் கண்ணு எதுக்குடா?"

சுண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னவர்கள் உயிர் பிழைக்கும் வழியை எல்லாம், சின்னவர்களே பெரியவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதிலும் குரல் மாற்றி, குதித்துக் காட்டி, கேட்காதவர்களுக்கும் திரும்பச் சொன்ன மகா புத்திசாலி யார்? சாட்சாத் சுண்டனேதான்!

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஈரல் உள்ளேதான் இருக்கு. ஒல்லின்னு சொன்னதும் பொய். நேத்தெல்லாம் அத்திப்பழமா தின்னு கொழுத்திருக்கேன். பயத்துல ஒன்னுக்குக்கூடப் போயிட்டேன். சாப்பிடுங்க!"

சிறுத்தையின் காதுகள் விறைத்தன.

"என்னது? சாப்பிடச் சொல்றியா? இப்படி ஒரு கதையே கிடையாதே!"

"கதையில்லை அக்கா, நிஜம்."

"விஷம் எதுவும் தின்னியா?"

"இல்லை."

"இல்லைன்னு இவ்வளவு சீக்கிரம் சொல்றியே! பின்னால யார் நிக்கறா? வேடனா?"

"யாருமே இல்லை அக்கா, சத்தியமா!"

"சத்தியம் வேறயா! அப்போ நிச்சயம் யாரோ இருக்கான்!"

சிறுத்தை சரேலென்று திரும்பிப் பின்னால் பாய்ந்தாள். முதுகிலிருந்த பாதம் விலகியது. ஓடலாம் என்று சுண்டனுக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, கால்களுக்குத் தோன்றியது. பாறை இடுக்குக்குள் அவை அவனைக் கொண்டுபோய்ச் செருகிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

மாலையில் குட்டைக்கரையே அவனைச் சூழ்ந்துகொண்டது.

"எந்தத் தந்திரம்டா பலிச்சது?" என்று கேட்டாள் சிங்காரி.

சுண்டன் மார்பை நிமிர்த்தினான். எதிர்ப்பாறையைப் பார்த்தான். நிமிர்த்திய மார்பு தானாக இறங்கியது.

"ஒரு தந்திரமும் இல்லை. அழுதேன். ஒன்னுக்குப் போனேன். ஓடி வந்தேன்."

கரையே விழுந்து விழுந்து சிரித்தது. "பார்த்தியா, பெரிய ரகசியத்தை மறைக்கிறான்! மகா கள்ளன்!" என்றார் குரங்குத் தலைவர்.

மறுநாளே கதை காடு முழுக்கப் பரவியது. ஒன்றில் சுண்டன் சிறுத்தையின் மீசையைப் பிடித்துச் சுழற்றினான். இன்னொன்றில் அவளை ஆற்றில் தெரிந்த நிலாவைக் கடிக்க வைத்தான். ஒன்றுக்குப் போனதை மட்டும் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சுண்டனும் அதுதான் நடந்தது என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டான்.

தந்திரத்துக்கே பழகிய காதுக்கு, உண்மைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தந்திரமாகக் கேட்கும்.