தெளிந்த குடுவையும் மஞ்சள் கிணறும்

அநியாயம் நடந்தது சலோமிக்கு. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிப் போனதற்கு அவள்தான் காரணம் என்று சொல்லி, இனி வாளியைத் தொடாதே என்றார்கள். அவள் பிழைப்பையும் மூட்டை கட்டச் சொன்னார்கள். சரியாக விசாரித்தார்களா என்றால், அதுதான் இல்லை.

பாலாற்றங்கரை ஊர் அது. தோல் தொழிற்சாலையில் தோலைச் சீவும்போது உதிரும் நீலத் தூளை வாங்கி, தோல் அட்டை செய்பவர்களுக்கு விற்பது சலோமியின் தொழில். தோலைப் பதப்படுத்தப் போட்ட குரோமியம் அந்தத் தூளில் இருக்கும். அவளுடைய குவியலோ கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சந்தேகப்பட இது போதாதா?

கிணற்றின் மறுபக்கம் தணிகாசலத்தின் சுண்ணாம்புக் காளவாய். விறகு கிடைப்பது குறைந்ததிலிருந்து அவரும் அதே தூளைத்தான் வாங்கிக் காயவைத்து எரித்தார். சாம்பலைக் கிணற்றடிச் சேற்றில் கொட்டி மேடாக்கினார். வழுக்காமல் நடக்க வழி செய்தாரே என்று ஊரே அவரை மெச்சியது!

பஞ்சாயத்துக்குத் தொழிற்சாலை மேனேஜர் வரதராஜுலு வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் ஊறிய தூள். மேலே நின்ற தண்ணீர் தெளிவாக இருந்தது.

“பாத்துக்குங்க. குரோமியம் தோலைக் கெட்டியாப் புடிச்சுக்கும். தண்ணிக்கெல்லாம் விடாது.”

“அப்போ என்னைய ஏன் சார் சொல்றாங்க?” என்றாள் சலோமி.

“தூள் மேல குத்தமில்லம்மா. நீ அதுல எதைக் கலந்தியோ, யார் கண்டா?”

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. தணிகாசலம் முந்திக்கொண்டார்: “நான் எரிக்கலாமான்னு கேட்டுத்தாம்பா வாங்கினேன். தண்ணியிலயே வராதது நெருப்புல வந்துடுமான்னு சொன்னதே சார்தான்.”

சலோமிக்குச் சுருக்கென்றது. முன்பு அந்தத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கியவள் அவள். ஒருநாள் சோறு சூடாக்க இதே தூளைக் கொளுத்தியபோது, ஓடி வந்து மிதித்து அணைத்தவர் இதே வரதராஜுலு. “இதை இங்க எவனும் கொளுத்தக் கூடாது!” என்று அவர் போட்ட சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். குவித்தவள் ஒருத்தி, எரித்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர். தெளிந்த குடுவையும் பொய்யில்லை, மஞ்சள் கிணறும் பொய்யில்லை. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? பழி யாரைச் சேரும்?

விடை: குரோமியம் பிடித்துக்கொண்டிருந்தது தோலை. தோலே எரிந்து போன பிறகு அது எதைப் பிடித்துக்கொள்ளும்? காளவாய்ச் சூட்டில் காற்றும் சுண்ணாம்பும் சேர, அது வேறு உருவெடுத்தது. அந்த உருவம் தண்ணீரில் கரையும், மஞ்சளாய் நிற்கும், விஷம். சாம்பல் மேட்டில் பெய்த மழை அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது. சலோமியின் குவியலுக்கு இதில் பங்கே இல்லை. தணிகாசலம் தெரியாமல் எரித்தவர். எரிக்கும் முன் கேட்கவாவது செய்தார். வரதராஜுலுவோ, நெருப்பைப் பற்றிக் கேட்டவருக்குத் தெரிந்தே தண்ணீரைப் பற்றிப் பதில் சொன்னவர். பழி அவரைத்தான் சேரும்.

சலோமி கேட்டேவிட்டாள்: “அன்னைக்கு என் அடுப்பை மட்டும் எதுக்கு சார் மிதிச்சு அணைச்சீங்க?”

குடுவையை மூடிக்கொண்டே அவர் சொன்னார்: “அது காம்பவுண்டுக்கு உள்ள இருக்கறவங்களுக்குப் போட்ட ரூல்மா. வெளிய இருக்கற ஊருக்கு நான் என்ன ரூல் போட முடியும்?”