கலயத்துக்கு மூன்று பிடி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். மூன்று கொத்து முடிந்தது, ஐந்து கிடக்கிறது. கை அது பாட்டுக்கு உருவட்டும். அதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு சின்ன மடம் இருந்தது. மடத்துச் சாமிக்கு முப்பது வயதுதான். சாந்தமான சாமி இல்லை. கோபம் வந்தால் காது சிவந்துவிடும்.

மடத்துக்கு நிலம் கிடையாது. ஊர் கொடுக்கிற பிடியரிசிதான் சோறு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அள்ளி, அடுப்படியில் இருக்கிற கலயத்தில் போட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை எல்லாக் கலயமும் மடத்துக்கு வரும்.

சாமியின் முதல் சீடர் அம்பலவாணர். சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அதனாலேயே அவர்மேல் கோபப்பட யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றுகிறது.

மற்ற வீட்டுக் கலயங்கள் காலும் அரையுமாக வரும். அம்பலவாணர் வீட்டுக் கலயம் மட்டும் கழுத்துவரை நிறைந்து வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு அடுத்த வீட்டுக்காரி செல்லாத்தா, தன் கலயத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். அடியில் நாலு பிடிதான் கிடந்தது.

அம்பலவாணர் எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார்.

"சிக்கனம் தெரியணும் செல்லாத்தா. என் வீட்டைப் பாரு. பெரியவங்க சின்னவங்க எல்லாம் சோறு சாப்பிட அஞ்சு பேரு. தினம் ஒரு படி அரிசி, நானே தலை தட்டி அளந்து கொடுக்கேன். பீர்க்கங்காய்த் தோல்ல துவையல். பூசணிக் கொழுந்துல கூட்டு. முருங்கை வேலியில சும்மா கிடக்கு. கம்மிச் செலவுல ராஜா மாதிரி சாப்பிடுதோம். கலயமும் நிறையுது."

"ஒங்க வீட்டு அரிசி குட்டி போடுதாக்கும் அண்ணாச்சி," என்றாள் செல்லாத்தா.

பெண்கள் சிரித்தார்கள். செல்லாத்தா சிரிக்கவில்லை.

"ஒங்க தூளியில கிடக்க பிள்ளை ஏன் அப்படி அழுவுதுன்னுதான் எங்களுக்கு விளங்கல."

அம்பலவாணர் அதைக் காதில் வாங்கவில்லை. சாமி பக்கம் திரும்பினார்.

"சுவாமி, ஊருக்கெல்லாம் அதே அரிசி, அதே வயிறு. என் வீட்டில் மட்டும் எப்படி நிறைகிறது? நீங்களே சொல்லுங்கள்."

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்," என்றார் சாமி.

மறுநாளே வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

கூடத்தில் நாலு இலை. அம்பலவாணர், அவருடைய அப்பா, இரண்டு பையன்கள். அவர் மனைவி உமையாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். பரிமாறிவிட்டுப் போகிற வழியில் தூளியை ஒரு தள்ளு தள்ளுவாள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

"உமையா, சுவாமிக்கு இலை போடு!"

"அவசரமில்லை. நீங்கள் முடியுங்கள்," என்றார் சாமி. "நான் கடைசி இலையில் உட்கார்ந்துகொள்கிறேன்."

"அது பெண்பிள்ளை சாப்பிடுற இலை சுவாமி."

"அதிலும் சோறுதானே போடுவார்கள்?"

அம்பலவாணர் மறுசோறு வாங்கினார். புளிக்குழம்பைப் பற்றிச் சொன்னார். கீரைப் பொரியலுக்குத் தேங்காய்கூடப் போடவில்லை, ருசியைப் பாருங்கள் என்றார். சாமி தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரும் கை கழுவினார்கள்.

"அம்மா, இப்போது இலை போடு," என்றார் சாமி.

உமையாள் அசையவில்லை.

"போடும்மா."

"இல்ல சாமி... இது சாமிக்கு ஆவாது."

சாமி எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். சோற்றுப் பானையில் சுற்றி ஒட்டிய பருக்கைதான் இருந்தது. அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கி வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ளப் பக்கத்தில் கொஞ்சம் கீரைக் காம்பு. இளசாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

"ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எத்தனை பிடி அரிசி போடுவாய் அம்மா?"

"மூணு பிடி சாமி."

"மடத்துக் கலயத்தில்?"

"எல்லா வீட்லயும் ஒரு பிடி. நம்ம வீடு சீடர் வீடுன்னு இவங்க சொல்லுவாங்க."

"அதனால்?"

"மூணு பிடி சாமி."

சாமி தூளியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பால்?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "வத்திட்டு சாமி."

சாமியின் காது சிவந்தது.

அம்பலவாணர் பதறிப்போனார். "பசிக்குதுன்னு இவ ஒருநாளும் சொன்னதில்லையே சுவாமி!"

"கேட்டீரா?"

அம்பலவாணர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கு வெள்ளி நீர் கொண்டுவந்து வைத்தது இவள் சோறு. நான் தின்றது இந்தப் பிள்ளையின் பால். என்னையும் சேர்த்து அல்லவா ராஜாவாக்கி வைத்திருந்தீர்!"

சாமி கலயத்தை எடுத்து அம்பலவாணர் கையில் கொடுத்தார். அன்று காலையில் போட்ட மூன்று பிடி அதில் இருந்தது.

"உலை வையும்."

"சுவாமி, மடத்து அரிசி!"

"மடம் பட்டினி கிடக்கட்டும். உலை வையும்."

"எனக்கு உலை வைக்கத் தெரியாது."

"ஊருக்கெல்லாம் சமையல் சொல்லிக் கொடுத்தீரே?"

அம்பலவாணர் அடுப்பை ஊதினார். கண்ணில் புகை. கஞ்சியை வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். சோறு குழைந்து, ஒரு பக்கம் அடிப்பிடித்திருந்தது.

சாமி முதல் இலை போட்டிருந்த இடத்தைக் காட்டி, "இங்கே உட்கார் அம்மா," என்றார்.

"மாமா இருக்காங்க சாமி..."

மாமனார் எழுந்துபோய்த் தூளியை ஆட்டினார்.

செல்லாத்தா கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் மோரை நீட்டினாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

உமையாள் சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. கருகின சோற்றையும் விடவில்லை.

கிளம்பும்போது சாமி சொன்னார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கடைசி இலை உமக்கு. கலயத்துக்கு அதே மூன்று பிடி, உம் கையால்."

வெள்ளிக்கிழமை அம்பலவாணர் கலயத்தின்மேல் துண்டு போட்டு மூடிக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"துண்டை எடுங்க அண்ணாச்சி," என்றாள் செல்லாத்தா.

எடுத்தார். அரைக் கலயம்கூட இல்லை.

"ஏன், இந்த வாரம் குட்டி போடலையா?"

இந்தத் தடவை பெண்கள் சிரிக்கவில்லை. அவரவர் கலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ஆயிற்று?" என்றார் சாமி.

"முதல் நாள் மூன்று பிடி போட்டேன் சுவாமி. மறுநாள் இரண்டு. அப்புறம் ஒன்றுக்குமேல் கை போகவில்லை."

"ஏன்?"

"பசித்தது."

"சிக்கனம் தெரியணும் என்றீரே."

அம்பலவாணர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். எல்லாக் கலயமும் கொட்டி முடிகிறவரைக்கும் நின்றிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"சுவாமி, நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நாளைக்கு நான் எந்த இலையில் உட்கார வேண்டும்?"

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். காது சிவந்திருந்தது.

"இன்னும் என்னைத்தான் கேட்கிறீர்."

அம்பலவாணர் வீட்டுக்குப் போனார். உமையாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்டார். அவள் கையை நிறுத்தினாள். அவரை நேராகப் பார்த்து என்ன சொன்னாள் என்றால்,

இதோ வந்துவிட்டேன், கீரை ஆயிற்று, ஒரு நிமிஷம்... உள்ளே கூப்பிடுகிறார்கள், பசிக்கிறதாம், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு வந்து மீதியை