கயித்துல ஏறுன சடையாண்டி

ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல பேச்சின்னு ஒரு கழைக்கூத்தாடி இருந்தாளாம். அவளுக்கு மவன் சடையாண்டி, மவ குருவம்மா. மவனுக்குக் கயித்தப் பாத்தாலே காலு நடுங்கும். மவ கயித்து மேல, நாம வாசல்ல நடக்குறாப்ல நடப்பா. எல்லாம் ஆத்தா சொல்லிக்குடுத்த வித்தை.

ஒருநா கப்பல்காரர் ஒருத்தர் குருவம்மா ஆட்டத்தப் பாத்துட்டு, கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு தேசத்து ராசா பாத்தான், ஒம்பது தேசத்து ராசா பாத்தான், அப்புறம் ஒலகமே அண்ணாந்து பாத்துச்சு!

இங்க சடையாண்டி என்ன செஞ்சான் தெரியுமா? சொன்னா வயிறெரியுது. "அவளுக்கு நாந்தான் குரு"ன்னு மாலை வாங்கிக்கிட்டுத் திரிஞ்சான். ஆத்தா வாயத் தொறந்தா குட்டு ஒடஞ்சிருமே? "ஒம் மவ கடல்ல முங்கிச் செத்துட்டா"ன்னு சொல்லி, அழுதவள மலையடிவாரத்து ஆட்டுக்கிடையில கொண்டுபோய் விட்டுட்டான்.

குருவம்மா மூணு தடவை ஆளனுப்பி, "ஆத்தா நல்லாருக்காளா?"ன்னு கேட்டா. மூணு தடவையும், "ஒம் பேரச் சொன்னாலே காறித் துப்புறா"ன்னு சொல்லியனுப்புனான். பாவி, படுபாவி! நீ அழாத கண்ணு, கேளு.

ஏழு வருசங்கழிச்சு நம்ம ராசா அவள ஆடக் கூப்புட்டாரு. வந்தவ, "துப்புனாலும் எங்காத்தா எச்சிதான"ன்னு வீட்டுக்குப் போனா. ஆத்தா இல்ல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எடத்தச் சொல்ல, மலையடிவாரத்து ஆட்டுக்கிடைக்கு ஓடுனா.

"நீ பேயா, எம் புள்ளையா?"ன்னு ஆத்தா அவ காலத் தடவித் தடவிப் பாக்குறா. அப்பத்தான் அவன் பொய்யி ரெண்டு பேருக்கும் வெளங்குச்சு.

மறுநா காலையில அரமணை வாசல்ல கயிறு கட்டியாச்சு. ராசா, "ஒனக்கு யாரும்மா குரு?"ன்னாரு.

சடையாண்டி முந்திக்கிட்டு, "நாந்தான் ராசா!"ன்னான்.

"அப்ப ஏறு அண்ணே"ன்னா குருவம்மா.

ராசாவும் ஏறுன்னுட்டாரு. ஏறுனவன் பாதிக் கயித்துல படுத்துக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, மவளோட வந்து கூட்டத்துல நின்ன ஆத்தாளப் பாத்து, "ஆத்தா, எறக்கிவிடச் சொல்லு!"ன்னு கத்துனான்.

ஆத்தா கூட்டத்த வெலக்கிட்டு வந்தா. "உசுரோட இருந்தவளச் செத்துட்டான்னு சொன்ன வாயில்ல? அந்த வாயாலயே நெசத்தச் சொல்லிட்டு எறங்குடா!"

ஊரே கேக்க ஒண்ணுவிடாமச் சொன்னான். எறங்கி வந்து, "தங்கச்சி, மன்னிச்சிரு"ன்னான்.

"எங்காத்தா ஏழு வருசம் என்னயச் செத்தவளா நெனச்சு அழுதிருக்கா. மன்னிக்க மாட்டேன், போ!"

ராசா அவன எல்லைக்கு அப்பால வெரட்டிட்டாரு. குருவம்மா ஆத்தாளக் கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டா. ஆத்தாளையும் புள்ளையையும் பிரிச்சவனுக்கு அந்த ஊர்லயும் எடமில்ல, இனி என் கதையிலயும் எடமில்ல. அவ்ளோதான், படுங்க.