மொட்டை மாடியில் கட்டிய பாலம்

இதை முதன்முதலில் சொன்னவர் குழந்தைவேலு. போத்தனூரில் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். தம் பங்கு வரும் இடங்களை மட்டும் சற்று ஏற்றிச் சொல்வார். அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டால் நடந்தது இதுதான்.

அவ்வூரில் ஒன்பது பேர் கூடிச் சிறிய ரயில் விடுகிறார்கள். தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் இஞ்சின். ஒரு சாண் நீளப் பெட்டிகள். ஒவ்வொருவரும் தம் வீட்டில், இரண்டாயிரத்து நானூறு மில்லிமீட்டர் நீள மேசையின்மேல் தமக்குப் பிடித்த ஓர் ஊரை அமைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மேசைகளையும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பூட்டுவார்கள். ஒன்பதும் சேர்ந்தால் வட்டம் மூடும். ஒன்று குறைந்தாலும் மூடாது.

அவர்களுக்குச் சட்டம் ஒன்றே. மேசையின் இரு முனைகளிலும் தண்டவாளம் தரையிலிருந்து ஆயிரம் மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நடுவில் மலை வைப்பதும் பள்ளம் வைப்பதும் அவரவர் விருப்பம்.

அவர்களுக்கு ஆசானாக இருந்தவர் செலின். வயது முப்பத்தொன்பது. பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சீடர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் சென்னியப்பன், வயது ஐம்பத்தெட்டு, கட்டடக் காண்டிராக்டர். எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தவர், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்ற குட்டி இஞ்சினைக் கண்டார். மோட்டாரை மறந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை பட்டறை திறக்குமுன் வாசலில் நின்றார்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் கேட்டார்.

“அம்மணி, அளவு தப்பாம இருக்க என்னங்க வழி?”

“இதுவரைக்கும் தப்பியிருக்குதுங்களாண்ணா?”

“எனக்குங்களா? முப்பது வருசத்துல நான் எழுப்புன செவுரு ஒண்ணு கோணலா நின்னதில்லீங்க.”

“அப்பத் தப்பட்டும். தப்புனதும் கேளுங்க, சொல்றேன்.”

சென்னியப்பன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் ஆண்டில் அவர் தம் சொந்த மேசையைத் தொடங்கினார். வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, பதினொரு மாதம் உழைத்தார். பதின்மூன்று கண் வைத்த பாலம் ஒன்று மலையேறிப் போயிற்று. ஒவ்வொரு செங்கல்லையும் ஊசியால் கீறியிருந்தார். சலித்த தேயிலைத் தூள் மண்ணாயிற்று. சாயமேற்றிய மரத்தூள் பாசியாயிற்று. மனைவியின் கண்மை, புகைபோக்கியில் கரியாகப் படிந்தது. ஒவ்வொரு தூணுக்கும் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். மேசைப் பலகையில் ரசமட்டத்தை வைத்தால், குமிழி நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. அதன்பின் இரு முனைகளிலும் தரையிலிருந்து தண்டவாளத்துக்கு அளந்தார். இங்கும் ஆயிரம். அங்கும் ஆயிரம்.

கண்காட்சி நாள் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கதவு திறக்கும். இருநூறு பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். புதிதாக வந்த மேசைக்காரரின் இஞ்சினுக்கே முதல் சுற்று என்பது அவர்கள் வழக்கம். எனவே அவ்வாண்டு முதல் சுற்று சென்னியப்பனுடையது. முந்தைய இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலை ஏழு மணிக்கே குட்டியானை வண்டியில் மேசையை ஏற்றி வந்துவிட்டார்.

மண்டபத்தில் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரசமட்டத்தைக் கையிலேந்தி மற்றவர்களின் மேசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். குழந்தைவேலுவின் மேசையில், பல்செட் செய்யும் பிசினை ஊற்றிச் செய்த குளம் ஒன்று இருந்தது.

“குளக்கரை ஒரு மில்லிமீட்டர் ஏறி நிக்குதுங்க” என்றார் சென்னியப்பன்.

“தண்ணி ஓடிப்போயிருச்சுங்களா மேஸ்திரி?”

“கண்ணுக்கு உறுத்துது.”

அடுத்தது, தையற்கடை ஜமீலாவின் சந்தை மேசை.

“இந்தத் தக்காளிக் கூடை பெருசும்மா. இந்த அளவுக்குப் பாத்தா ஒரு தக்காளி தேங்காத் தண்டி இருக்கும்.”

“வாங்குறவங்களுக்கு லாபந்தானண்ணே” என்றார் ஜமீலா. முகம் மட்டும் சுருங்கிற்று.

பத்து மணிக்குள் எட்டு மேசைகள் பூட்டி முடிந்தன. ஒன்பதாவதாகப் பால மேசையைத் தூக்கிவந்து இடைவெளியில் நிறுத்தி, கால்களைத் திருகிப் பலகையை ரசமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் முனை பிசிறின்றிப் பொருந்தியது. சென்னியப்பன் மறுமுனைக்கு ஓடினார்.

அங்கே அவருடைய தண்டவாளம் ஜமீலாவின் தண்டவாளத்துக்கு மேலே நின்றது. நடுவில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம்.

செலின் அளவுகோலை வைத்தார். “நாப்பது.”

“மண்டபத் தரை சரியில்லீங்க” என்றார் சென்னியப்பன். வண்டியிலிருந்து ட்யூப் லெவலை எடுத்துவந்து, தண்ணீர் நிரப்பி, மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். தரையில் மயிரிழை வேறுபாடும் இல்லை.

“எம் மேசையக் கொஞ்சம் சாய்ச்சுப் பாக்கலாங்களா?”

“பாருங்க.”

மேசைக் கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் போல்ட்டுகள் உண்டு. அவற்றைத் திருகி ஒரு முனையை இறக்கினார். பதின்மூன்று கண் பாலமும், விளக்குக் கம்பங்களும், மாதா கோயில் கோபுரமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

“ஏனுங்க மேஸ்திரி, பாலத்துக்குக் கள்ளு வாங்கிக் குடுத்தீங்களா?” என்றார் குழந்தைவேலு.

சென்னியப்பன் பழையபடி நிமிர்த்தினார். திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

“அம்மணி, ரொம்பச் சுலபங்க. ஜமீலா மேசைய நாப்பது ஏத்திட்டாச் சரியாப் போச்சு.”

“ஏத்துங்க” என்றார் செலின்.

பக்கத்து மரக்கடையிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் கட்டைகள் வந்தன. சந்தை மேசையின் நான்கு கால்களுக்கும் கட்டை வைத்தார்கள். தண்டவாளங்கள் ஒட்டி நின்றன. சென்னியப்பன் கை தட்டினார். அதற்குள் சந்தை மேசைக்கும் இரண்டாம் மேசைக்கும் நடுவே அதே படி நின்றது.

“அதையும் ஏத்திரலாங்க!”

ஏற்றினார்கள். படி மூன்றாம் மேசைக்கு ஓடிற்று. அவர் விடவில்லை. அடுப்படியில் புகுந்த பூனையை விரட்டுவதுபோல் அதை மேசைக்கு மேசை துரத்தினார். “இன்னும் ரெண்டுதானுங்க... இன்னும் ஒண்ணுதானுங்க...” சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. குழந்தைவேலு ஏதோ சொல்ல வாய் திறந்தார். செலின் அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு, தம் குளத்தின் காலுக்கும் கட்டை வைத்தார்.

முப்பத்திரண்டாவது கட்டையை வைத்துவிட்டுச் சென்னியப்பன் எழுந்தார்.

எட்டாம் மேசைக்கு அடுத்து இருந்தது அவருடைய மேசை. காலையில் பிசிறின்றிப் பொருந்திய முதல் முனை இப்போது நாற்பது மில்லிமீட்டர் கீழே கிடந்தது.

மணி ஒன்றரை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். செலினும் எதிரில் உட்கார்ந்தார்.

“எங்கண்ணா வெச்சு அளந்தீங்க?”

“வீட்டு மொட்டை மாடிலதானுங்க.”

“மழை பேஞ்சா அங்க தண்ணி நிக்குங்களா?”

சென்னியப்பன் அந்தச் சோர்விலும் தலை நிமிர்ந்தார். “எங்கூட்டு மாடிலயா? ஒரு சொட்டு நிக்காதுங்க. அறுபதுக்கு ஒண்ணுன்னு வாட்டம் குடுத்து, நானே கையால தேய்ச்சுப் போட்ட...”

சொல் பாதியில் நின்றது.

இரண்டாயிரத்து நானூறை அறுபதால் வகுக்க அவருக்குத் தாளும் பேனாவும் தேவைப்படவில்லை. பலகை மட்டம், தூண்கள் நேர், அளவும் சரி. அளவுகோலை ஊன்றி நின்ற தரைதான், மழைநீர் ஓட அவரே சரித்துவிட்ட தரை.

அவர் எழுந்து, கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

“பாலத்த அறுத்துட்றனுங்க. தண்டவாளத்த எறக்கி, தட்டையாப் போட்டுட்றேன். ரயிலாவது ஓடட்டும்.”

முதல் கண்ணின்மேல் ரம்பத்தை வைத்தார். செலின் தடுக்கவில்லை.

“அண்ணா, சேந்த மொத மாசத்துல என்னமோ ஒரு கேள்வி கேட்டீங்களே. இப்பக் கேக்கலீங்களா?”

ரம்பத்தை எடுக்காமலே அவர் கேட்டார். “அளவு தப்பிப் போச்சுங்க. என்ன பண்றது?”

“உங்களுத விட்டா எத்தனை மேசைங்க?”

“எட்டு.”

“நாப்பதுல எட்டு?”

“அஞ்சு.”

“அஞ்சு மில்லிமீட்டர் சாய்ஞ்சா ஒரு மேசைல தெரியுங்களா?”

சென்னியப்பன் ரம்பத்தை எடுத்துவிட்டார். கண்கள் வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தன. ஒவ்வொரு மேசையும் ஐந்தைந்தாக இறங்கினால், எட்டாவதன் கடைசியில் நாற்பதும் இறங்கிவிடும். “தெரியாதுங்க! யாருக்கும் தெரியாது! அம்மணி, எல்லார்கிட்டயும் நீங்களே ஒரு வார்த்தை...”

“நான் கேக்க மாட்டனுங்க. சாயப்போறது எம் மேசையும்தான். எங்கிட்டயும் நீங்கதான் கேக்கோணும்.”

அவர் காலடியில் ரசமட்டம் கிடந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, முதலில் ஜமீலாவிடம் போனார்.

“அம்மா... உங்க மேசைய ஒரு பக்கம் அஞ்சு மில்லிமீட்டர் எறக்கோணும்.”

“எந்தக் காலுலண்ணே?”

“கடைசி ரெண்டு கால்லயும்.”

“எதுக்கு?”

“எந் தப்புக்கு.”

ஜமீலா கூடைகளைப் பார்த்தார். “தக்காளி உருண்டுராதா?”

“தேங்காத் தண்டித் தக்காளி உருளாதும்மா.” சொன்னபின் அவருக்கே வெட்கமாயிற்று. “காலைல நான் அப்படிப் பேசுனது தப்பு.”

“கூடை பெருசுதாண்ணே” என்றார் ஜமீலா. “ஸ்பானரக் குடுங்க.”

குழந்தைவேலு இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஒரு மில்லிமீட்டருக்கே கண்ணு உறுத்துன ஆளு, இப்ப எங்கொளத்தையே அஞ்சு சாய்க்கச் சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“மீனெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கீருமுங்க.”

“மீனு வெச்சிருக்கீங்களா?”

“ரெண்டு. பிசினுக்கு அடில. எங்கொளத்த நீங்க குனிஞ்சு எங்க பாத்தீங்க, ரசமட்டத்தப் பாத்தீங்க.”

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். கடுகளவில் இரண்டு வெள்ளி மீன்கள் இருந்தன. அவர் நிமிர்வதற்குள் குழந்தைவேலு மேசைக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டார்.

இப்படியே எட்டுப் பேரிடமும் கேட்டார். எட்டாவதாகச் செலினிடம் கேட்டார். அவரும் எதற்கு என்று கேட்டுவிட்டே ஸ்பானரை வாங்கினார்.

போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் இறங்கும். சந்தை மேசையின் கடைசிக் கால்களில் நான்கு சுற்று. அடுத்த மேசையின் முன்கால்களில் நான்கு, பின்கால்களில் எட்டு. அதற்கடுத்து எட்டும் பன்னிரண்டும். ஒன்பது பேரும் மேசைகளுக்கடியில் படுத்துக்கொண்டு உரக்க எண்ணினார்கள். ஒருவர் எண்ணிக்கையில் இன்னொருவர் தவறினார், சிரித்தார்கள், மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். போல்ட்டு முடிந்த இடங்களில் கட்டையை உருவிவிட்டு, மேலே திருகிச் சரிசெய்தார்கள். எட்டாம் மேசையின் கடைசிக் காலில் முப்பத்திரண்டாம் சுற்று முடிந்தபோது மணி மூன்று ஐம்பது.

கதவு திறந்தது. இருநூறு பிள்ளைகளின் இரைச்சல் உள்ளே புகுந்தது.

சென்னியப்பன் தம் கரிய இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். பின்னால் ஏழு பெட்டிகளைக் கோத்தார். செலின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அவரிடம் நீட்டினார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். ரயிலின் பக்கத்திலேயே போக வேண்டும் அவருக்கு. செலினே திருகினார்.

இஞ்சின் அசைந்தது. பாலத்தின் பதின்மூன்று கண்களையும் தாண்டி மேலேறியது. பிள்ளைகள் கூவினார்கள். சென்னியப்பன் ரயிலோடு நடந்தார், பிறகு ஓடினார். சந்தையைக் கடந்தது. இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர். குளத்தோரம் போகும்போது குழந்தைவேலு கைக்குட்டையை அசைத்தார். எட்டாம் மேசையின் விளிம்பு நெருங்கியது. சென்னியப்பன் கண்களை மூடிக்கொண்டார்.

சக்கரங்கள் இணைப்பைக் கடந்த ஒலிகூடக் கேட்கவில்லை. கண் திறந்தபோது, ரயில் அவருடைய பாலத்தில் இரண்டாம் முறை ஏறிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க அவர் செலினிடம் வந்தார்.

“அம்மணி, ஏத்துனது நானுங்க. எறக்கிக் குடுத்தது எட்டுப் பேரு. கடன் என்னுது, கட்டுனது நீங்கெல்லாம். இது எப்படிங்க சரியாகும்?”

“ரயிலு அதக் கேக்குதுங்களாண்ணா?”

அவர் ஓடும் ரயிலைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கு வர வேண்டியது வந்துருச்சுங்க” என்றார் செலின். “நாப்பது மில்லிமீட்டர்.”