பதினான்கு இடைக்கோடுகள்

ஆனி மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலைமுதல் மெல்லிய சாரல், காற்று இல்லை. அத்திமடுவின் வடகரைப் பாறைக்கடியில் ஓர் உடும்பு, தேக்கின் இளந்தளிரை விரித்து, நகத்தால் கீறி எழுதிக்கொண்டிருந்தது. கீறிய இடமெல்லாம் சிவந்தது.

தென்கரையில் விலங்குகளின் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் சேர விரும்புவோர், 'நான் ஏன் இங்கே படிக்க வேண்டும்?' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு பேருக்கே இடம். அன்று மாலையோடு கெடு முடிகிறது.

உடும்புக்கு அந்த இடம் எப்படியாவது வேண்டும். பாடத்துக்காக அன்று. உடும்புகள் முட்டையிட்டதும் போய்விடும்; குஞ்சுகள் தாயைக் காண்பதில்லை. ஓட்டை உடைத்து வெளிவந்த நாள்முதல் அதனோடு உட்கார்ந்து பேசியவர் ஒருவருமில்லை. பள்ளியில் நண்பகலில் எல்லாரும் வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டே உண்பதை அது இக்கரையிலிருந்து நாள்தோறும் பார்க்கும்.

ஒரு வரி எழுதும், நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், ஒரு கோடு இழுக்கும், பிறகு அடுத்த வரியைத் தொடங்கும்.

அவ்வழியே ஒரு கிளி வந்தது.

"உடும்பக்கா! ஏன் நகம் தேய எழுதுகிறாய்? ஆறு கொய்யாப்பழம் கொடு, நான் எழுதித் தருகிறேன். முயலுக்கு எழுதினேன், மந்திக்கு எழுதினேன், காட்டுப்பன்றிக்குக்கூட எழுதினேன்!"

"என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"தெரிய வேண்டுமா என்ன? 'சிறுவயதுமுதலே கல்வியில் எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கினால் போதும். பன்றிக்கும் அதேதான்!"

கிளி இலையை எட்டிப் பார்த்துச் சிரித்தது. "அடடா, இடைக்கோடா! சென்ற ஆண்டு நானும் வரிக்கு வரி போட்டேன். பள்ளி எழுத்தர் கீரி கண்டுபிடித்துவிட்டது. இப்போது கோட்டைக் கண்டாலே என் பெயரைச் சொல்கிறார்கள். நான் விட்டுவிட்டேன்; நீயும் விட்டுவிடு!"

"இவை என் கோடுகள்" என்றது உடும்பு. கிளி பறந்துவிட்டது.

மாலையில் உடும்பு இலையை நனையாமல் வாயில் கவ்வி, நீந்தி அக்கரை சேர்ந்தது. எழுத்தரான கீரி அதை வாங்கியது. படிக்கவில்லை, எண்ணியது.

"பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு! தலைமையாசிரியர் ஐயா, ஐயமே இல்லை. கிளியின் கைவரிசை!"

"மூன்றுக்கு மேற்பட்டால் ஏற்பதில்லை. விதி அது" என்றது ஒற்றைக்காலில் நின்ற நாரை.

"ஐயா, நானே எழுதினேன். நகத்தைப் பாருங்கள், இன்னும் சிவந்திருக்கிறது!"

"பொய்க்காரி!" என்று கீரி எல்லார் முன்னும் கூவியது. "கிளிக்கு எத்தனை பழம் கொடுத்தாய்?" கரையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நாரை சற்று இரங்கியது. "பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது. கோடுகளை நீக்கி எழுதி வா."

உடும்பு ஒரு மரத்தடிக்குப் போய் வேறோர் இலையில் எழுதிப் படித்துப் பார்த்தது. வரிகள் எங்கும் நிற்காமல் ஓடின. யாரோ ஒருவரின் பேச்சுப்போல இருந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "பழையதுதான் என்னுடையது, ஐயா" என்றது. நாரை தலையை ஆட்டி மறுத்தது. உடும்பு இலையை அங்கேயே விட்டுவிட்டு வடகரைக்கு நீந்திப் போயிற்று.

ஆடி முதல் நாள் பள்ளி திறந்தது. "இன்று காலை கண்டதை நான்கு வரி எழுதுங்கள்" என்றது நாரை.

பன்னிரண்டு மாணவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முயல் முன்னங்காலைத் தூக்கியது. "ஐயா, கிளியக்கா இன்னும் வரவில்லையே!"

"வாயை மூடு! மாட்டிக்கொள்வோம்!" என்று காட்டுப்பன்றி எல்லாருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தது.

நாரை கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. பன்னிரண்டிலும் ஓர் இடைக்கோடும் இல்லை. பன்னிரண்டும் தீராத ஆர்வத்தில் தொடங்கின. உடனே அது உடும்பின் இலையைக் கவ்விக்கொண்டு வடகரைக்குப் பறந்தது.

"உடும்பே, தவறு நடந்துவிட்டது. உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன், வா!"

"நான் என்ன எழுதியிருந்தேன், ஐயா?"

"படிக்கவில்லை" என்று நாரை மெல்லச் சொன்னது. "கோடுகள் எதற்கு என்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்."

"கதை சொன்னால் கேட்பவர்கள் 'உம்' கொட்டுவார்களாமே. எனக்குக் கொட்ட ஆளில்லை. 'உம்' வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன்."

நாரை இலையை அதன்முன் வைத்தது. "படி. நான் கேட்கிறேன்."

"நேற்று மழையில் என் பாறை அசைந்தது —"

"உம்."

"எனக்குப் பயமாக இருந்தது —"

"உம்."

"யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது —"

இம்முறை நாரைக்குக் குரல் எழவில்லை. உடும்பு சிறிது காத்திருந்தது. பிறகு, பழக்கப்படி, அடுத்த வரிக்குப் போயிற்று.

படித்து முடித்ததும் அது சொன்னது: "அந்த வட்டத்தில் உட்காரத்தான் ஆசைப்பட்டேன், ஐயா. பொய்க்காரி என்று எல்லாரும் சிரித்த பிறகு என் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?"

நாரை தனியாகவே தென்கரைக்குத் திரும்பியது.

கோடுகளை எண்ணும் விதி அன்றே நீக்கப்பட்டது. கீரி எழுத்தர் வேலையிலிருந்து களை பறிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டது. பன்னிரண்டு பேரில் எழுவர் தம் கையால் மறுபடி எழுதித் தந்து பள்ளியில் நீடித்தார்கள்; மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். கிளி மலைக்கு அப்பால் போய்விட்டது. நாரை வாரம் ஒருமுறை வடகரைக்குச் சென்றது. மூன்றாம் வாரம் பாறையடி வெறுமையாக இருந்தது. நாரை இரு கரையிலும் விசாரித்தது. உடும்போடு ஒருநாளும் உட்கார்ந்து பேசியவர் அங்கே இல்லாததால், அது எங்கே போயிற்று என்று சொல்லவும் ஒருவருமில்லை.

எழுத்தைப் படிக்காமல் அதிலுள்ள குறிகளை மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொல்பவர், பொய்யரை உள்ளே அமர்த்தி உண்மையானவரை வெளியே நிறுத்துவார்.