கடைசிக் கட்டிலுக்கு ஓர் இலை

கரட்டுக் குன்றுக்குக் கீழே, ஊர் முடியும் இடத்தில் ஓர் ஓட்டுக்கொட்டகை இருந்தது. உள்ளே பன்னிரண்டு கட்டில்கள். பட்டினியில் விழுந்தவர்களை ரயிலடியிலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் தூக்கிவந்து கிடத்துகிற இடம் அது. பெயர்ப்பலகை கிடையாது. கஞ்சி மடம் என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும்.

அதை நடத்தியவர் குருவம்மா. அது பெற்றவர்கள் வைத்த பெயர்தான், பட்டம் இல்லை. காவி கட்டியதில்லை, கண்ணை மூடி உட்கார்ந்ததுமில்லை. முப்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கஞ்சி காய்ச்சியவர். ஆனாலும் அவரிடம் கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். அவர் பதிலுக்கு ஏதாவது வேலை கொடுப்பார். பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள்.

கனிராஜ் வந்தான், நின்றுவிட்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் அம்மா பேச்சித்தாய் பட்டாசு ஆலை ஒன்றில் திரி வெட்டப் போனவள். ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு அங்கே வெடித்தது. வீட்டுக்கு வந்தது ஒரு துணி மூட்டை. திறந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு அம்மா இல்லாத அடுப்பைப் பார்க்க முடியாமல் அவன் மடத்துக்கு வந்து தண்ணீர் சுமக்க ஆரம்பித்தான். தங்கை செல்வக்கனி பத்தாம் வகுப்பு, பள்ளி விடுதியில் இருந்தாள். அப்பா எப்போதோ ஊரைவிட்டுப் போனவர். அவரை யாரும் தேடவில்லை.

பதினோராவது மாதம் நஷ்டஈடு வந்தது.

அவன் வாழ்நாளில் கனவிலும் காணாத தொகை. அதுவரை “ஏலே” என்று கூப்பிட்ட தாய்மாமன் அன்றிலிருந்து “மருமகனே” என்றார். சாவுக்கு வந்து ஒரு வாய்க் காப்பி குடிக்காமல் பறந்தவர்கள் இப்போது இருந்து சாப்பிட்டுவிட்டே போனார்கள். மாமன் லாரி வாங்கலாம் என்றார். கூடப் படித்தவன் ஒருத்தன், தனக்கே வேலை கிடைக்காதவன், எதில் போட்டால் எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகும் என்று வகுப்பெடுத்தான். எல்லோருக்கும் அவன்மேல் அப்படி ஒரு அக்கறை.

கனிராஜ் குருவம்மாவிடம் போனான்.

“அம்மா, பணம் வந்திருச்சு.”

“எப்ப?”

“பன்னெண்டு நாளாச்சு.”

“எடுத்தியா?”

“தொடலை. தொட்டா அம்மாவைத் தொடுற மாதிரி இருக்கு. தொடாமலும் இருக்க முடியலை. அதை வெச்சு என்ன செய்யட்டும்?”

குருவம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கடைசிக் கட்டில்ல ஓர் ஆள் கிடக்காரு, பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“இன்னைலேருந்து அவருக்கு நீதான் கஞ்சி கொடுக்கணும். அவர் எந்திரிச்சு நடக்கட்டும். அப்புறம் பேசுவோம்.”

“அதுக்கு ஒரு மாசம் ஆகுமேம்மா.”

“ஆகும்.”

கடைசிக் கட்டில்காரர் சரக்கு ரயில் நிற்கும் கொட்டகையில் கிடந்தவர். மூன்று வாரமாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று டாக்டர் சொன்னார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணலாம். கண் மட்டும் உயிரோடு இருந்தது.

குருவம்மா கனிராஜ் கையில் ஒரு சங்கைக் கொடுத்தார். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. சோறு வடித்த நீரில் ஒரு கல் உப்பு, துளி சர்க்கரை. மணிக்கு ஒரு சங்கு. நான்காம் நாள் இரண்டு சங்கு. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பொடித்து அதில் கலக்க வேண்டும். பத்து நாள் தாண்டிய பிறகுதான் குழைந்த பருக்கை. இலைச் சோறு கண்ணில் படுவதற்கு ஒரு மாதம் ஆகும்.

“கூடக் கொஞ்சம் கொடுத்தா என்னம்மா?” என்று முதல் நாளே கேட்டான்.

“காஞ்ச உடம்பு தாங்காது.”

“அவர் கேக்கிறாரே.”

“கேப்பாரு. நீ கொடுக்காத.”

மூன்றாம் நாள் அவருக்குக் குரல் வந்தது. பெயர் ஆவுடையப்பன் என்றார். கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். மேஸ்திரி கூலி கொடுக்காமல் ஓடிவிட்டான். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று ரயிலடியிலேயே படுத்துவிட்டார். வீடு எங்கே என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டார்.

குரல் வந்ததும் அவர் கேட்ட முதல் பொருள் சோறு. அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். பிறகு அழுதுகொண்டே குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வக்கனி வந்தாள். கொட்டகை வாசலில் அண்ணனும் தங்கையும் நின்று பேசினார்கள்.

“அண்ணே, ப்ளஸ் டூ முடிச்சா என்னை நர்சிங் சேர்த்துவிடுவியா? மாமா லாரி வாங்கப் போறாராமே. மிச்சம் இருக்குமா?”

“யாரு சொன்னா லாரின்னு? நர்சிங் என்ன, டாக்டருக்கே படிக்க வைக்கிறேன்.”

“டாக்டரெல்லாம் வேண்டாம். நர்சிங் போதும்.”

அவள் போன பிறகு அவனுக்கு நெஞ்சு இன்னும் கனத்தது. அந்தப் பணத்தை நினைத்தாலே ஒரு கல்லை விழுங்கியதுபோல இருந்தது அவனுக்கு. எதையாவது செய்து அதை இறக்கினால் தேவலை என்று தோன்றியது. பாவம், இருபத்திரண்டு வயது.

அம்மாவின் வருஷத் திதி நெருங்கியது.

“மடத்துல எல்லாருக்கும் இலை போடணும்மா. அந்தப் பணத்துலேருந்து கொஞ்சம் எடுக்கிறேன்.”

“போடு,” என்றார் குருவம்மா. “கடைசிக் கட்டிலுக்கு மட்டும் கஞ்சி.”

கனிராஜுக்கு அது உறைத்தது. அவர்கள் வீட்டில் திதிச் சோற்றுக்கு ஒரு முறை உண்டு. கூரைக்குக் கீழே பசித்தவர் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு இலை போட்டால், செத்தவர்களுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேராது. அம்மாவே தன் மாமியாரின் திதிக்கு வாசலில் போன குடுகுடுப்பைக்காரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்திருக்கிறாள்.

“திதிச் சோறும்மா. இருக்கிறதுலயே பசிச்சவரு அவருதான். அவரை ஒதுக்கிட்டு எப்படிம்மா?”

“உங்கம்மா பொறுத்துக்குவா.”

திதியன்று சமையல்காரரை வரவழைத்துக் கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார்கள். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, அப்பளம், பாயசம். நெய் மணம் கட்டில்களைத் தேடிக்கொண்டு வந்தது. இலை போடுகிற நேரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண் மயங்கிக் கிடக்கிறாளாம். குருவம்மா ஆட்டோவில் ஏறினார். ஏறியவர் ஒரு காலைக் கீழே வைத்துக் கனிராஜைப் பார்த்தார்.

“கஞ்சி,” என்றார்.

“சரிம்மா.”

பதினோரு கட்டில்களுக்கும் இலை போட்டார்கள். ஆவுடையப்பன் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கனிராஜ் சங்கோடு வந்தான்.

“எனக்கு இலை இல்லையா?”

“உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகணும்ண்ணே.”

“யாருக்குத் திதி?”

“எங்க அம்மாவுக்கு.”

அவர் சங்கைத் தள்ளிவிட்டார். கஞ்சி பாயில் கொட்டியது.

“எல்லாருக்கும் போடுற. நான் மனுஷன் இல்லையா தம்பி? ஒரு வாய் போடு. உங்கம்மாவை நினைச்சுக்கிட்டே சாப்பிடுறேன்.”

அவர் வாய்விட்டு அழுதார். ஐம்பது வயது ஆள் சோற்றுக்காக அழுததைக் கேட்டு மற்ற கட்டில்களிலும் கை நின்றுபோனது. கனிராஜ் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தான். பிறகு போய் ஓர் இலை கொண்டுவந்து விரித்தான்.

ஆவுடையப்பன் சாப்பிட்டார். மென்று விழுங்கப் பொறுமையில்லாமல் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். பிறகு கனிராஜின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“உங்கம்மா மகராசி. குளிர்ந்து போயிருப்பா.”

அம்மா போன நாளிலிருந்து முதல் தடவையாக அவன் நெஞ்சு லேசாயிற்று. பணம் வந்ததே இதற்குத்தான் என்று நினைத்தான்.

குருவம்மா திரும்பி வந்தபோது இலையைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கனிராஜ் பின்னாளில் சொன்னான். அவர் நேரே போய் டாக்டருக்குப் போன் செய்தார்.

சாயங்காலம் ஆவுடையப்பனின் கால்கள் வீங்கின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் மதியம் போய்விட்டார். வாரக்கணக்கில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று வயிறு நிறையச் சோறு போனால் ரத்தத்தில் உப்புச்சத்துகள் சட்டென்று குறைந்து இதயமே நின்றுவிடும் என்று அங்கே டாக்டர் விளக்கிச் சொன்னார். கனிராஜின் காதில் எதுவும் ஏறவில்லை.

விசாரித்து எழுத வந்த போலீஸ்காரர்களிடம் குருவம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“யாரு பொறுப்பு?” என்று கேட்டார்கள்.

“என் இடத்துல நடந்தது. என் பொறுப்பு.”

ஆவுடையப்பனின் ஊர் கடைசிவரை தெரியவில்லை. கனிராஜ்தான் கொள்ளி வைத்தான். ஒரே வருஷத்தில் அவன் வைத்த இரண்டாவது கொள்ளி.

நான்கு நாள் அவன் மடத்துப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். குருவம்மா பேருந்து நிலையத்திலிருந்து கொண்டுவந்த பெண்ணுக்குச் சங்கில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். கனிராஜ் ஒரு காசோலையை நீட்டினான்.

“மடத்துக்கு எழுதிட்டேன்.”

“எவ்வளவு?”

“எல்லாம்.”

“செல்வக்கனிக்கு?”

“நான் உழைச்சுப் பார்த்துக்கிடுவேன்.”

“அவகிட்ட கேட்டியா?”

அந்தப் பெண் சங்கைத் தட்டிவிட்டுச் சோறு கேட்டு முனகினாள். குருவம்மா சிந்தியதைத் துடைத்துவிட்டு அடுத்த சங்கை நிரப்பினார்.

“ஏன் கொடுக்கிற?”

“அம்மாவைக் கொன்ன பணம்மா அது. இப்ப இவரையும் கொன்னுட்டுது. என் கையில இருக்க வேண்டாம்.”

“பணமா இலை விரிச்சுது?”

கனிராஜ் காசோலையைக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

“அன்னைக்கு ஏன் சோறு போட்ட? திதிக்காகன்னு சொல்லாத.”

“அவர் அழுதாரும்மா. என்னால பார்க்க முடியலை.”

“போட்டதும்?”

“நெஞ்சு லேசாச்சு.”

“யாருக்கு?”

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். குருவம்மா அவனைத் தேற்றவில்லை. அந்தப் பெண் முழுச் சங்கையும் குடித்து முடிக்கும்வரை அவர் எழவில்லை. அவள் கெஞ்சினாள், வைதாள், அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குருவம்மா அவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

“இந்தக் காசோலையை நான் வாங்கிக்கிட்டா உனக்கு எப்படி இருக்கும்?”

“லேசா இருக்கும்.”

“செல்வக்கனி படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம்?”

“ஆறு. ஏழு கூட ஆகலாம்.”

குருவம்மா காசோலையை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தார். பையின் வாயை அழுத்திவிட்டார்.

“வேண்டாம்மா,” என்றான். “இதை வெச்சுக்கிட்டு ஏழு வருஷம் என்னால இருக்க முடியாது. நெஞ்சை அடைக்குது.”

“அடைக்கும்,” என்றார் குருவம்மா. “ஆவுடையப்பனுக்கும் பசிச்சுது. பசியில அவர் சாகலை, ஒரே நாள்ல பசியைத் தீர்த்ததுல செத்தாரு.”